விசிட் விசாவில் வேலை: வரவு யாருக்கு? செலவு யாருக்கு?

(இயந்திரவியல் துறை மாணவன், தட்டாஞ்சாவடி)



கடைசி செமஸ்டர் நெருங்கினாலே நம்மிடையே "வெளிநாட்டுக்கு வழி உண்டா?" என்ற பேச்சுதான். நம் புதுச்சேரியில் இந்த ஆசைக்குத் தனிக் காரணம் உண்டு. 1956-ல் கையெழுத்தாகி 1962-ல் நடைமுறைக்கு வந்த இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தப்படி, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். அப்படி எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நேராகப் பாரிசுக்குப் போகிறார்கள். மற்ற வீட்டுப் பிள்ளைக்கு ஏஜெண்ட் காட்டும் வழி வேறு. "விசிட்ல போ தம்பி, அங்கேயே வேலை பார்த்துக்கலாம்" என்பார். சட்டப்படி இது கள்ளக் குடியேற்றம். இதன் லாப நஷ்டத்தை எஸ்டிமேட் போடுவது போலப் பார்ப்போம்.

வரவுப் பக்கம்

வரவே இல்லை என்று சொல்வது பொய். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் படி ஏறியவன் நான். என் முதல் வருட ஃபீஸில் பாதி, மலேசியாவில் விசா நாள் தாண்டி ஓட்டல் வேலை பார்த்த என் மாமா அனுப்பியது. வீட்டுக் கடனும் அவர் பணத்தில்தான் அடைந்தது. வேலை கொடுத்த முதலாளிக்குக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தது. அந்த நாட்டுக்கு உழைப்பு கிடைத்தது. ஏஜெண்டுக்குக் கமிஷன். ஆக, வரவைப் பங்கிட்டுக்கொள்பவர்கள் நாலு பேர்.

செலவுப் பக்கம்

1. தண்டனை: மலேசியக் குடிநுழைவுச் சட்டப்படி அனுமதியின்றி நுழைந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, 6 வரை பிரம்படி. நாள் தாண்டித் தங்கினாலும் 5 ஆண்டு வரை சிறை உண்டு.

2. கூலி: மாமாவுக்கு மூன்று மாதச் சம்பளம் நின்றுபோனது. "போலீசுக்குப் போனா நான்தான்டா உள்ள போவேன், அவன் போக மாட்டான்" என்றார். புகார் செய்ய முடியாதவனுக்குப் பாதிக் கூலி கொடுத்தால் போதும் என்றானபின், முறையாக வேலை பார்ப்பவனின் கூலியும் ஏறாது.

3. திரும்பும் வழி: பிடிபடாமல் ஊர் வரப் பொது மன்னிப்புக்குக் காத்திருக்க வேண்டும். மலேசியா 2024-ல் அப்படி ஒரு திட்டம் அறிவித்தபோதுதான் மாமா 500 ரிங்கிட் அபராதம் கட்டி வந்தார். அதற்குள் ஆத்தாவின் சாவும் காரியமும் முடிந்துவிட்டன.

வரவு நாலு பேருக்கு. செலவு முழுவதும் ஒருவன் தலையில். இந்தக் கணக்கில் உள்ள கோளாறு இதுதான்.

நமக்கு என்ன?

1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாவது தேறாதவர் மலேசியா, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அரசு அனுமதி பெற வேண்டும். ஒப்பந்தத்தை அதிகாரி பார்ப்பார். நாம் பத்தாவது தேறியவர்கள். நமக்கு அந்தச் சோதனை கிடையாது. இதைச் சலுகை என்று நினைக்கிறோம். உண்மையில் நமக்காகத் தாளைப் படித்துப் பார்க்க யாரும் இல்லை என்று அர்த்தம். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள், மியான்மரின் மியாவாடியில் ஆன்லைன் மோசடி வேலையில் அடைத்து வைக்கப்பட்டார்கள். அவர்களும் படித்தவர்களே.

எனவே பணம் கட்டுமுன் நாமே பார்க்க வேண்டியவை:

அ) ஏஜெண்ட் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகி உள்ளதா?
ஆ) கேட்கும் கட்டணம் அரசு வைத்த உச்சவரம்பான 30,000 ரூபாய் மற்றும் ஜி.எஸ்.டி.க்குள் உள்ளதா?
இ) விசாவில் 'வேலை' என்று உள்ளதா? 2023 டிசம்பர் முதல் மலேசியா இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் வர அனுமதித்தது. அது வேலைக்கு அல்ல.
ஈ) சம்பளம், வேலை நேரம் எழுதிய ஒப்பந்தத்தின் நகல் கையில் இருக்கிறதா?

முடிவாக, தாள் இல்லாமல் போனவர்களைத் திருடர்களைப் போலப் பேசுவதை நான் ஏற்கவில்லை. அவர்கள் உழைப்பில் பல வீடுகளில் உலை கொதித்தது, எங்கள் வீடு உள்பட. ஆனால் அடி விழுந்தால் சத்தம் போடக்கூட முடியாத இடத்தில் கிடைக்கும் சம்பளத்தை லாபம் என்று எழுத முடியாது என்பதே என் தாழ்மையான கருத்து.

போவோம் நண்பர்களே! உரிமையைக் கேட்டு வாங்கக்கூடிய தாளோடு போவோம்!