எஸ்.எஸ்.வாசனின் திரைப்படத் தயாரிப்பும் கூட்டுக் கதையாக்கமும்

முன்னுரை

தமிழ்த் திரைப்படம் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் நடிகர், இயக்குநர், பாடலாசிரியர், அரசியல் கருத்தியல் ஆகியவற்றை மையமாகக் கொண்டு அமைந்துள்ளன. தயாரிப்பாளர் அவற்றுள் முதலீட்டாளராக மட்டுமே இடம்பெறுகிறார். ஜெர்மானியத் திரைப்பட வரலாறு இதனின்றும் வேறுபட்டது. ‘மெட்ரோபோலிஸ்’ (1927), ‘நீல தேவதை’ (1930) ஆகிய படங்களின் தயாரிப்பாளரான எரிக் பொம்மரை அந்நாட்டுத் திரைக்கலையை உருவாக்கியவர்களுள் ஒருவராகவே ஆய்வாளர்கள் மதிப்பிடுவர். அத்தகைய மதிப்பீட்டுக்கு உரிய தமிழ்த் தயாரிப்பாளர், பழைய தஞ்சை மாவட்டத்துத் திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ்.வாசன் (1904–1969) ஆவார்.

வாசனின் படங்களில் காணப்படும் கதையாக்க முறை, அவர் இதழ் நடத்திப் பெற்ற பட்டறிவிலிருந்தும் தமிழ் வெகுசன நாவலின் தழுவல் மரபிலிருந்தும் உருவானது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ‘சதி லீலாவதி’, ‘நந்தனார்’, ‘சந்திரலேகா’ ஆகிய மூன்று படங்களை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு இக்கருதுகோள் ஆராயப்படுகிறது.

இதழிலிருந்து திரைக்கு

இளமையிலேயே தந்தையை இழந்த வாசன் தாயாருடன் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். விளம்பரம் சேகரிக்கும் தொழிலில் ஈடுபட்ட அவர், 1928இல் ‘ஆனந்த விகடன்’ இதழை விலைக்கு வாங்கினார். அவருடைய திரைத்துறைத் தொடர்பு எழுத்தாளர் என்ற நிலையில்தான் தொடங்கியது. விகடனில் அவர் எழுதிய ‘சதி லீலாவதி’ தொடர்கதை, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் 1936இல் படமாயிற்று. எம்.ஜி.ஆர். அறிமுகமான படமும் இதுவே. ‘பதிபக்தி’ நாடகத்தோடு இப்படத்தின் கதை ஒத்திருந்ததால் உரிமை வழக்கு எழுந்தது. நாடகம், தொடர்கதை ஆகிய இரண்டுக்கும் எலன் வுட் என்னும் ஆங்கிலப் பெண் எழுத்தாளரின் ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ (1860) நாவலே மூலம் என்பது அவ்வழக்கில் வெளிப்பட்டது.

இந்நிகழ்வை வாசனுக்கு மட்டுமே உரிய குறையாகக் கொள்வது பொருந்தாது. ஆரணி குப்புசாமி முதலியார், மன்னார்குடியை அடுத்த வடுவூரைச் சார்ந்த துரைசாமி ஐயங்கார் முதலியோர் ஆங்கில வெகுசன நாவல்களைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்பத் தழுவிப் பெரும் வாசகர் கூட்டத்தை உருவாக்கியிருந்தனர். கதை என்பது ஒருவருக்கே உரிய உடைமையன்று. அது தமிழ்ப்படுத்தி வழங்கத்தக்க பொதுப்பொருள் என்ற கருத்து அம்மரபில் வேரூன்றியிருந்தது. வாசன் அம்மரபின் வழிவந்தவர்.

1939இல் கே.சுப்பிரமணியம் ‘தியாகபூமி’யைப் படமாக்கிய காலத்திலேயே, கல்கியின் அக்கதை திரைப்படக் காட்சிகளின் நிழற்படங்களோடு விகடனில் தொடராக வெளிவந்தது. வாசகரைப் பார்வையாளராகவும் பார்வையாளரை வாசகராகவும் மாற்றும் வழியை இம்முயற்சி உறுதிப்படுத்தியது. பின்னர், தீ விபத்துக்குள்ளாகி ஏலத்துக்கு வந்த சுப்பிரமணியத்தின் படப்பிடிப்பு நிலையத்தை வாங்கி, வாசன் ஜெமினி ஸ்டூடியோவை நிறுவினார்.

நந்தனார்: வட்டார மரபின் தடம்

ஜெமினியின் தொடக்ககாலப் படங்களுள் காவிரிப்படுகையோடு நெருங்கிய உறவுடையது ‘நந்தனார்’ (1942). பெரியபுராணத்தில் ஆதனூர் நந்தனாருக்கு ஆண்டையாக வேதியர் எவரும் இல்லை. நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்த பின்னரே தில்லைக்குச் செல்லலாம் எனத் தடைவிதிக்கும் வேதியரைப் படைத்தவர், மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படுகையின் பண்ணையாள் முறை இப்பாத்திரத்தின் வழியாகவே அடியார் கதைக்குள் நுழைந்தது எனலாம்.

ஜெமினியின் படம் சேக்கிழாரை அன்றிப் பாரதியாரையே அடியொற்றியது. நந்தனாராக நடித்த எம்.எம்.தண்டபாணி தேசிகர் நன்னிலம் பகுதியிலுள்ள திருச்செங்காட்டங்குடியைச் சார்ந்தவர்; தேவார இசைமரபில் வளர்ந்தவர். வேதியராகச் செருகளத்தூர் சாமா நடித்தார். கதை, இசை, நடிப்பு ஆகிய மூன்றிலும் படுகையின் மரபு இப்படத்தில் ஒருங்கிணைந்தது. நிலவுடைமைக்கும் உழைப்புக்கும் இடையிலான முரணும் பக்தியின் போர்வைக்குள் திரையேறியது.

சந்திரலேகா: இடமற்ற கதை

ஆறாண்டுகளுக்குப் பின் வந்த ‘சந்திரலேகா’ (1948) முற்றிலும் வேறான போக்கினது. ‘மங்கம்மா சபதம்’ (1943) படத்தின் வெற்றிக்குப் பின், கதை முடிவாகும் முன்னரே இத்தலைப்பு விளம்பரப்படுத்தப்பட்டது. பின்னர், வேப்பத்தூர் கிட்டு ரெயினால்ட்ஸின் ‘ராபர்ட் மக்கேர்’ நாவலிலிருந்து ஒரு பகுதியை எடுத்துரைத்தார். வாசன் அந்நாவலின் கதையை ஏற்கவில்லை. அதில் வரும் துணிவுமிக்க பெண்ணின் இயல்பை மட்டும் ஏற்றார். அதைச் சுற்றிக் கதையை உருவாக்கியோர் கே.ஜே.மகாதேவன், கொத்தமங்கலம் சுப்பு, சங்கு சுப்பிரமணியம், கிட்டு, நைனா ஆகியோர். படப்பிடிப்பின் இடையில் இயக்குநர் பொறுப்பையும் வாசனே ஏற்றார்.

சர்க்கஸ், முரசு நடனம், வாட்போர் எனத் தனித்து நிற்கவல்ல பகுதிகளின் தொகுப்பாக இப்படம் அமைந்துள்ளது. ஒவ்வொரு வாரமும் வாசகரை நிறைவுறச் செய்து அடுத்த வாரத்துக்கு ஏங்கவைக்கும் தொடர்கதையின் கட்டமைப்பே இதன் அடித்தளம் எனலாம்.

பொம்மர் ‘நீல தேவதை’யை ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளில் உருவாக்கினார். ஏறத்தாழ 30 இலட்சம் ரூபாய்ச் செலவில் உருவான ‘சந்திரலேகா’ 1948 ஏப்ரலில் தமிழிலும் டிசம்பரில் இந்தியிலும் வெளியாயிற்று. இந்திப் படத்துக்காகச் சில காட்சிகள் புதிதாகப் படமாக்கப்பட்டன. மொழி கடந்து செல்லவேண்டிய கதைக்கு வட்டார அடையாளம் சுமையாகிறது. ‘நந்தனார்’ கதைக்கு ஆதனூரும் தில்லையும் இன்றியமையாதவை. ‘சந்திரலேகா’வின் அரசு எந்நாட்டிலும் இருக்கலாம்.

கதை இலாகாவும் ஆசிரியர் என்னும் சிக்கலும்

மேற்கண்ட கதையாக்க முறைக்கு நிறுவன வடிவம் தந்தது ‘ஜெமினி கதை இலாகா’. எழுத்தாளர்களும் கவிஞர்களும் மாத ஊதியம் பெற்ற இவ்விலாகாவில் வழக்கறிஞர் ஒருவரும் இருந்தார் என்பதை, ஜெமினியில் பணியாற்றிய அசோகமித்திரனின் நினைவுக் கட்டுரைகள் காட்டுகின்றன. ‘சதி லீலாவதி’ வழக்கின் பின்னணியில் நோக்கின், வழக்கறிஞரின் இருப்பு வியப்புக்குரியதன்று.

கூட்டுப்பெயர் தனிமனிதரின் பங்களிப்பை மறைக்கும் என்பதற்குக் கொத்தமங்கலம் சுப்பு தக்க சான்று. ஜெமினியில் அவர் நடிகர், பாடலாசிரியர், இயக்குநர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். ‘ஔவையார்’ (1953) படத்தை இயக்கினார். எனினும், படுகையின் நாகசுர, சதிர் மரபுகளைக் களமாகக் கொண்ட ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடரை அவர் ‘கலைமணி’ என்னும் பெயரில் எழுதியது விகடனில்தான். அத்தொடரை 1968இல் படமாக்கியவர் ஏ.பி.நாகராஜன். அதே ஆண்டில் ஜெமினி வெளியிட்டது, ‘ஃபூல் அவுர் பத்தர்’ என்னும் இந்திப் படத்தின் தழுவலான ‘ஒளிவிளக்கு’. வாசனின் இதழில் நிலைபெற்ற படுகை அவருடைய திரையிலிருந்து அகன்றிருந்தமைக்கு இவ்விரு படங்களும் சான்றாகின்றன.

தொகுப்புரை

வாசனின் கதையாக்க முறை தமிழ் வெகுசன நாவலின் தழுவல் மரபிலிருந்து கிளைத்தது. இதழ் நடத்திய பட்டறிவு அவருடைய படங்களின் கட்டமைப்பையும் பரப்பலையும் நெறிப்படுத்தியது. ‘நந்தனா’ரில் அழுத்தமாக வெளிப்பட்ட வட்டாரத் தன்மை, இந்தியா தழுவிய பொதுப் பார்வையாளரை நாடிய நிலையில் விலக்கப்பட்டது. அவருடைய வணிக வெற்றியும் பண்பாட்டு இழப்பும் ஒரே முடிவின் விளைவுகளாகும்.

திரைக்கதையை இலக்கிய வகையாகக் கொண்டு தமிழ்த்துறைகள் ஆராயும் இக்காலத்தில், ‘கதை இலாகா’ என்னும் பெயருக்குப் பின்னுள்ள எழுத்தாளர்களைத் தனித்தனியே அடையாளங்காண்பது முதன்மைத் தேவையாகும். அவ்வாறு செய்யாதவிடத்து, இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையின் ஒரு பகுதி ஆசிரியரற்றதாகவே எஞ்சும்.