‘றீகன்வீன்’ என்னும் ஆங்கில வினை

ஒரு கூட்டத்தார் சிலகாலம் பிரிந்திருந்து மறுபடியும் ஒன்றுகூடுவதைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘றீகன்வீன்’ என்னும் வினைச்சொல் வழங்குகின்றது. சங்கங்களின் அறிவித்தல்களிலும் பாராளுமன்றச் செய்திகளிலும் இதனை அடிக்கடி காண்கின்றோம். மாணவர் பலர் இதற்கு ‘மறுபடி தொடங்குதல்’ என்று பொதுவாகப் பொருள் கொள்வர். அது போதாது. இச்சொல்லை ஆள்பவர், இப்பொழுது கூடியிருப்பது முன்னர்க் கூடியிருந்த அதே கூட்டமே என்னும் ஒரு கருத்தையும் உடன் சொல்லிவிடுகின்றார். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்பிறப்பு

இலத்தீன் மொழியில் ‘வெனீரே’ என்பது வருதல் எனப் பொருள்படும். ‘உடன்’, ‘ஒருங்கு’ என்னும் பொருளைத் தரும் ‘கொன்’ என்ற முன்னொட்டு அதனோடு சேர, ‘ஒருங்கு வருதல்’ என்றாயிற்று. அதன் வழிவந்ததே ‘கன்வீன்’ என்னும் ஆங்கில வினை. துறவியர் கூடிவாழும் இல்லமாகிய ‘கொன்வென்ற்’, மாநாட்டைக் குறிக்கும் ‘கொன்வென்ஷன்’, உடன்படிக்கையைக் குறிக்கும் ‘கவனன்ற்’ என்பனவும் அதே வேரிற் கிளைத்தவை. ‘மறுபடியும்’ எனப் பொருள்தரும் ‘றீ’ முன்னே நிற்க, ‘றீகன்வீன்’ பிறந்தது. ஒலிக்கும்போது ஈற்றிலுள்ள ‘வீன்’ என்பதனையே அழுத்துதல் வேண்டும்.

வினையின் இயல்பு

‘செயற்குழு மீளக் கூடியது’ என்பது தன்வினை. ‘தலைவர் செயற்குழுவை மீளக் கூட்டினார்’ என்பது பிறவினை. தமிழில் ‘கூடு’, ‘கூட்டு’ என வடிவம் வேறுபடுகின்றது. ஆங்கிலத்திலோ ஈரிடத்தும் ‘றீகன்வீன்ட்’ என்ற ஒரே வடிவமே வரும். சொற்கள் நிற்கும் முறையே வேறுபாட்டைக் காட்டும். ஆதலின் தமிழிற் பெயர்ப்போர், தாமே கூடினரா, வேறொருவர் கூட்டினரா என்பதை முதலில் ஆராய்ந்து கொள்வாராக.

இவ்வினை பலர் சேர்ந்த குழுவுக்கே உரியது. ஒருவர் தனியே நின்று, தாம் ‘றீகன்வீன்’ செய்ததாக எழுதுதல் பொருந்தாது. ‘மறுபடியும்’ என்ற பொருள் முன்னொட்டிலேயே அடங்கியிருத்தலால், ‘அகெய்ன்’ என்னும் சொல்லைப் பின்னும் சேர்த்தல் மிகையாம். இன்னொன்றும் கருதத்தக்கது. இதற்குப் பெயர்ச்சொல் வேண்டுமிடத்து ‘றீகன்வீனிங்’ என்றே எழுதுதல் வேண்டும். ‘றீகன்வென்ஷன்’ என்பது நீதிமன்றச் சொல். வழக்காளிக்கு எதிராக எதிராளி அதே வழக்கில் விடுக்கும் கோரிக்கையை அது குறிக்கும். உரோமன் ஒல்லாந்தச் சட்டம் வேரூன்றிய நம் நாட்டில், நம் பழைய மாணவருள் வழக்கறிஞராயுள்ளோர் இதனை நன்கறிவர்.

அண்மைப் பொருட் சொற்கள்

‘அட்ஜேர்ன்’ என்பது கூட்டத்தை ஒத்திவைத்தல். அச்சொல்லினுள் நாள் எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல் அடங்கியுள்ளது. ஒரு நாளைக் குறித்துப் பிரிதல் என்பதே அதன் முதற்பொருள். அந்நாள் வந்து சேர்ந்தோர் செய்வது ‘றீகன்வீன்’. தொடங்குமுன்னரே கூட்டத்தைப் பிற்போடுதல் ‘போஸ்ற்போன்’ ஆகும். தமிழில் இரண்டையும் ‘ஒத்திவைத்தல்’ என்றே பலர் எழுதுவதால் மயக்கம் உண்டாகின்றது.

‘றிசியூம்’ என்பது விட்ட கருமத்தை மீளத் தொடங்குதல். மழையால் நின்ற துடுப்பாட்டம் ‘றிசியூம்’ ஆகுமன்றி ‘றீகன்வீன்’ ஆகாது. ‘றீஓப்பன்’ என்பது மூடியதைத் திறத்தல். ‘றீயுனைற்’ என்பது பிரிந்த உறவினரும் நண்பரும் அன்பினால் ஒன்றுசேர்தல்.

இவ்வேறுபாடுகள் வெறும் சொல்லாராய்ச்சி அல்ல என்பதற்கு இலண்டன் நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். 2019 செப்ரெம்பரில் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது. அது சட்டத்துக்கு மாறானது என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் அம்மாதம் 24 ஆம் நாள் தீர்த்தது. அவ்வேளை அவையின் சபாநாயகர் ஜோன் பேர்க்கோ, இஃது அவையைத் திருப்பி அழைத்தலன்று, அலுவலை மீளத் தொடங்குதலே என்று வேறுபடுத்திக் கூறினார். முடித்துவைத்தலே செல்லாது என்றால், திருப்பி அழைக்க இடமேது?

எடின்பரோவிற் கூறிய சொல்

நாம் எடுத்துக்கொண்ட வினையின் முழு ஆற்றலும் 1999 மே 12 ஆம் நாள் எடின்பரோ நகரில் வெளிப்பட்டது. ஸ்கொத்லாந்தின் பழைய பாராளுமன்றம் 1707 மார்ச் 25 இல் ஒத்திவைக்கப்பட்டது. அவ்வாண்டு மே 1 முதல் அந்நாடு இங்கிலாந்தோடு ஒன்றாக்கப்பட்டமையால் அப்பாராளுமன்றம் பின்னர்க் கூடவில்லை. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால் 129 உறுப்பினரைக் கொண்ட பாராளுமன்றம் அங்கு அமைந்தது. முதல் அமர்வில், மூத்த உறுப்பினர் என்ற முறையில் தலைமை தாங்கிய வினிபிரெட் யூயிங் அம்மையார், 1707 இல் ஒத்திவைக்கப்பட்ட பாராளுமன்றம் இத்தால் மீளக் கூட்டப்படுகின்றது என்று அறிவித்தார்.

சட்டநோக்கில் அது புதிய அவை. பழைய அவை பிரபுக்களும் நிலக்கிழாரும் நகரப் பிரதிநிதிகளும் அமர்ந்தது. புதியதோ குடிமக்கள் வாக்கினால் எழுந்தது. எனினும் ‘கன்வீன்’ என்னாது ‘றீகன்வீன்’ என்றமையால், 292 ஆண்டுகளும் ஓர் இடைவேளையாயின. ‘றீ’ என்னும் ஓரசை ஒரு நாட்டின் உரிமையைச் சொல்லிவிட்டது.

நம் நாட்டுக்குப் பொருந்துமாறு

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தனர். 1996 ஏப்பிரில் முதலாகப் பலர் திரும்பினர். அக்காலக் கல்லூரிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப் புகும் மாணவன் எவ்வினையை ஆள்வது? கதவு திறந்ததைச் சொல்ல ‘றீஓப்பன்’ போதும். பாடம் தொடங்கியதற்கு ‘றிசியூம்’ பொருந்தும். ஆசிரியரும் மாணவரும் தாம் அதே கல்லூரியார் என்னும் உணர்வோடு ஒருங்கு வந்ததைச் சொல்ல வேண்டின் ‘றீகன்வீன்’ என்பதே தக்கது. எல்லோரும் திரும்பினாலன்றி இச்சொல் ஆகாது என்று இலக்கணம் விதிக்கவில்லை. இடாப்பிற் பெயரிருந்தும் வாராதோர் பலர். அவர்தம் பெயரை அழித்துப் புதிய இடாப்பு எழுதியோர் ‘கன்வீன்’ செய்வோராவர். பழைய இடாப்பைக் கையிலேந்திக் கூடியோரே ‘றீகன்வீன்’ செய்தோர்.

பழைய மாணவர் சங்கங்களுக்கும் இதுவே அளவுகோல். நெடுங்காலம் கூடாதிருந்த சங்கம் ஒன்றை எழுப்புவோர், சென்ற கூட்டத்தின் அறிக்கை உளதா, உறுப்பினர் பெயர்ப்பட்டியல் உளதா என்று முதலில் நோக்குதல் வேண்டும். அவை பேணப்பட்டிருப்பின், அறிவித்தலில் ‘றீகன்வீன்’ என்று தயங்காது எழுதலாம். பேணாதார்க்கு அச்சொல் உரியதன்று. ஆதலின் மாணவர் இவ்வினையைப் பிழையின்றி ஆளப் பழகுக. பழைய மாணவர் அதனை ஆளும் தகுதியைக் காத்துக்கொள்க.