கையால் ஃபோகஸ் செய்யும் சின்ன லென்ஸ்: எப்படித் தேர்ந்தெடுப்பது?

கவரைப்பேட்டையில் மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவருக்கு எடுக்க நிறைய இருக்கிறது: கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு போகிறவர்கள், கடைத்தெரு, வீட்டு விசேஷம், லீவு நாளில் பழவேற்காடு. பழவேற்காட்டுப் பூநாரைக்கு நீளமான டெலி லென்ஸ் வேண்டும். மற்றதற்கெல்லாம் சின்ன மேனுவல் பிரைம் லென்ஸ் ஒன்று போதும்.

கடைக்காரர் முதலில் எஃப்/1.2, எஃப்/1.4 என்பார். அதை அப்புறம் பார்க்கலாம். ஆட்களிடமிருந்து எவ்வளவு தள்ளி நின்று எடுக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. கேமராவோடு வந்த ஜூம் லென்ஸை 25 மி.மீ.யில் வைத்து ஒரு வாரம் எடுங்கள், அடுத்த வாரம் 35-ல். இடையில் ஜூமைத் திருப்பக் கூடாது. எதில் பின்னால் நகர இடமில்லாமல் தவித்தீர்களோ அதை விட்டுவிடுங்கள். ஏபிஎஸ்-சி சென்சாரில் 35 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 50 காட்டும் அளவையே ஏறக்குறைய காட்டும். 1950-ல் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்த கார்ட்டியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் பயன்படுத்தியது 50-தான், அதுவும் கையால் ஃபோகஸ் செய்துதான்.

அடுத்தது மவுண்ட். செவன் ஆர்டிசன்ஸ், டிடி ஆர்டிசன், மெய்க்கே போன்றவை ஒரே லென்ஸைப் பல மவுண்டுகளில் விற்கின்றன. சோனி, ஃபியூஜி என்று உங்கள் கேமராவுக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். பழைய நிக்கான் 50-ஐ அடாப்டர் போட்டும் மாட்டலாம். ஆனால் அந்த லென்ஸ் சென்சாரிலிருந்து 46.5 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். சோனி இ மவுண்டில் இருப்பது 18 மி.மீ. மீதியை அடாப்டர் குழாய் நிரப்புவதால் சின்ன லென்ஸ் நீண்டுவிடும். சட்டைப்பைக்கு அடக்கமாக வேண்டுமென்றால் இது உதவாது.

பழைய லென்ஸ் என்றால் கையில் வாங்கிப் பார்க்காமல் பணம் தராதீர்கள். செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா? ஃபோகஸ் வளையம் ஒரே சீராகத் திரும்புகிறதா? இந்த லென்ஸில் உங்கள் விரல் ஓயாமல் வேலை செய்யப்போவது அந்த வளையத்தில்தான். தளர்ந்து ஆடினாலும், அங்கங்கே இறுகினாலும் விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காதீர்கள். தொலைவில் தெரியும் செல்போன் கோபுரமோ புகைபோக்கியோ கூர்மையாக விழுகிறதா என்றும் சோதியுங்கள்.

மாட்டியதும், லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும் அமைப்பை கேமரா மெனுவில் ஆன் செய்யுங்கள். ஃபோகஸான விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கையும் ஆன் செய்யுங்கள். திறந்த அப்பர்ச்சரில் பீக்கிங்கை மட்டும் நம்ப முடியாது. படத்தைப் பெரிதாக்கிக் கண்ணிமையைப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். பாடியில் ஸ்டெபிலைசர் இருந்தால் லென்ஸின் மி.மீ. எண்ணை நீங்களே பதிய வேண்டும்.

தெருவில் இன்னும் எளிது. ஏபிஎஸ்-சி கேமராவில் 25 மி.மீ. லென்ஸை எஃப்/8-ல் வைத்து, வளையத்தை 4 மீட்டரில் நிறுத்தினால், சுமார் 2 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம்வரை தெளிவாக விழும். பகல் வெளிச்சத்தில் வளையத்தைத் தொடவே வேண்டாம்.

கடலும் ஏரியும் பக்கத்தில் இருப்பதால் காற்றில் ஈரம் அதிகம். தோல் உறையில் போட்டு பீரோவில் வைக்காதீர்கள். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

25-க்கும் 35-க்கும் நடுவே இன்னும் தடுமாறினால், ஊருக்குள் எடுப்பவர் 25-ஐ வாங்குங்கள். வீட்டு முகங்களை எடுப்பவருக்கு 35.