வியாபாரம் மந்தமா? பழைய பில் புத்தகமும் கம்ப்யூட்டரும் போதும்!

கடையில் வியாபாரம் குறைந்தால் வாடகையை நிறுத்த முடியாது, கரண்ட் பில்லை நிறுத்த முடியாது. அதனால் பலரும் முதலில் நிறுத்துவது விளம்பரச் செலவைத்தான். 2008ல் வந்த உலகப் பொருளாதார நெருக்கடி, 2016 நவம்பரில் வந்த பணமதிப்பு நீக்கம், 2020 மார்ச்சில் வந்த கொரோனா ஊரடங்கு என அடுத்தடுத்துச் சிறு வியாபாரிகள் அடி வாங்கினார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் புது வாடிக்கையாளரைத் தேடி அலைவதை விட, ஏற்கெனவே வந்து கொண்டிருந்தவரைத் திரும்ப அழைப்பது எளிது, செலவும் குறைவு. வீட்டில் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரை வைத்தே இதைச் செய்யலாம். எப்படி என்று பார்ப்போமா?

உதாரணத்திற்கு ஒரு தையல் கடையை எடுத்துக் கொள்வோம். மளிகை, ஸ்டூடியோ, டூவீலர் மெக்கானிக் கடை என எதற்கும் இதே முறை பொருந்தும்.

1. பட்டியல் தயாரிக்கவும்

பழைய பில் புத்தகத்தையும் அளவு நோட்டையும் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். எக்ஸெல் தொகுப்பைத் திறந்து, முதல் வரிசையில் பெயர், தெரு, மொபைல், கடைசியாக வந்த தேதி, வேலை, செய்தி அனுப்பலாமா என ஆறு தலைப்புகளை டைப் செய்யவும். அடுத்த வரிசையிலிருந்து ஒருவருக்கு ஒரு வரிசை வீதம் தகவல்களை நிரப்பவும். நடுவில் காலி வரிசை விட வேண்டாம்.

தமிழில் டைப் செய்வதானால் யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். தேதியை டைப் செய்து எண்டர் தட்டியவுடன் அது செல்லின் வலது பக்கம் ஒட்டி நின்றால், எக்ஸெல் அதைத் தேதியாக எடுத்துக் கொண்டது என்று பொருள். இடது பக்கம் நின்றால் வெறும் எழுத்தாக எடுத்துக் கொண்டிருக்கிறது, திருத்தி விடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த படியில் தகராறு செய்யும்.

2. யார் வரவில்லை?

தலைப்பு வரிசையில் ஒரு செல்லில் கிளிக் செய்து, டேட்டா மெனுவில் பில்டர் என்பதை அழுத்தவும். ஒவ்வொரு தலைப்பிலும் சிறிய அம்புக்குறி தோன்றும். தேதித் தலைப்பின் அம்புக்குறியை அழுத்தி, டேட் பில்டர்ஸ், பிஃபோர் எனச் சென்று, ஆறு மாதத்திற்கு முந்தைய ஒரு தேதியைக் கொடுங்கள். அதன் பிறகு கடைப் பக்கம் வராதவர்கள் மட்டும் திரையில் நிற்பார்கள். நீங்கள் அழைக்க வேண்டியவர்கள் இவர்களைத்தான்.

இவர்களைத் தலைப்பு வரிசையோடு சேர்த்துக் காப்பி செய்து, ஒரு புதிய பைலில் பேஸ்ட் செய்து சேமித்து மூடி விடுங்கள். இதை மறக்க வேண்டாம். நீங்கள் போட்ட பில்டரை வேர்ட் கண்டு கொள்ளாது. பழைய பைலைக் கொடுத்தால் எல்லோருக்கும் கடிதம் தயாராகி விடும்.

3. பெயர் போட்ட கடிதம்

வேர்டில் புதிய பைலைத் திறந்து, மெயிலிங்ஸ் டேபில் ஸ்டார்ட் மெயில் மெர்ஜ், லெட்டர்ஸ் எனத் தேர்வு செய்யவும். பின் செலக்ட் ரெசிபியன்ட்ஸ், யூஸ் அன் எக்ஸிஸ்டிங் லிஸ்ட் எனச் சென்று உங்கள் புதிய எக்ஸெல் பைலைக் காட்டவும். எந்த ஷீட் என்று கேட்கும். தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். இனி கடிதத்தை எழுதலாம்.

"அன்புள்ள" என்று டைப் செய்து, இன்செர்ட் மெர்ஜ் பீல்ட் அழுத்திப் பெயர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு நான்கு வரி போதும். "உங்கள் அளவு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. துணியை மட்டும் கொடுத்தனுப்பினால் போதும். பழைய உடைகளை ஆல்டர் செய்தும் தருகிறோம்" என்பது போல, அவருக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்லுங்கள். கையில் காசு குறைந்த காலத்தில் புதுத்துணி எடுக்கத் தயங்குபவர் ஆல்டர் வேலைக்கு வரக்கூடும்.

பிரிவியூ ரிசல்ட்ஸ் அழுத்தி ஒவ்வொரு பெயரும் சரியாக விழுகிறதா என்று பார்த்த பின், பினிஷ் அண்ட் மெர்ஜ், பிரிண்ட் டாகுமெண்ட்ஸ் கொடுங்கள். முதலில் ஒரே ஒரு கடிதத்தை அச்சிட்டுப் பார்ப்பது நல்லது. பக்கத்துத் தெருக்கள்தான் என்றால் நீங்களே நேரில் கொடுத்து விடலாம்.

4. தள்ளுபடியா? முதலில் கணக்கு!

வியாபாரம் படுத்தவுடன் "10 சதவீதம் தள்ளுபடி" என்று பலகை மாட்டத் தோன்றும். அதற்கு முன் எக்ஸெலில் A2ல் விலை 100, B2ல் அடக்கம் 80, C2ல் தள்ளுபடி 10 என்று கொடுங்கள். D2ல் கீழே உள்ளபடி டைப் செய்து எண்டர் தட்டவும்.

=(A2-B2)/(A2-A2*C2/100-B2)

விடை 2 என வரும். அதாவது பழைய லாபத்தையே பார்க்க இரண்டு மடங்கு விற்றாக வேண்டும்! C2ல் 5 கொடுத்தால் 1.33 மடங்கு, 15 கொடுத்தால் 4 மடங்கு. மந்தமான நேரத்தில் நான்கு மடங்கு விற்க முடியுமா என்று யோசியுங்கள். விலையைக் குறைப்பதற்குப் பதில் இலவசமாகப் பட்டன் தைத்துத் தருவது, சொன்ன நாளில் கொடுப்பது போன்றவை கைக்காசைக் கடிக்காது.

5. மேப்பிலும் போனிலும்

கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடையைப் பதிவு செய்ய கட்டணம் கிடையாது. பெயர், முகவரி, கடை திறந்திருக்கும் நேரம், நான்கைந்து படங்கள் கொடுத்துச் சரிபார்ப்பை முடித்தால், மேப்பில் தேடுபவர் கண்ணில் கடை படும். "கூகுளில் இருந்து பேசுகிறோம், பதிவுக்குப் பணம் கட்டுங்கள்" என்று யாராவது போன் செய்தால் ஏமாற வேண்டாம். நல்ல விமர்சனம் எழுதினால் தள்ளுபடி என்று பேரம் பேசுவதும் கூகுள் விதிகளுக்கு எதிரானது.

2018ல் வெளியான வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் இலவசமே. அதில் உள்ள கேட்டலாக் பகுதியில் வேலைகளைப் படத்துடன் விலை போட்டு வைக்கலாம். "செய்தி அனுப்பலாமா" என்ற இடத்தில் ஆம் என்று உள்ளவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். கேட்காமல் பலருக்கும் அனுப்பினால் புகார் போய் உங்கள் எண்ணே முடக்கப்படலாம். மொத்த எஸ்.எம்.எஸ். சேவையை நாடுவதானால் டிராய் விதிப்படி முதலில் டி.எல்.டி. தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

6. பலன் கிடைத்ததா?

கடிதத்தைக் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கள். வந்தவர் பெயருக்கு எதிரே எக்ஸெலில் 1 என்று குறியுங்கள். ஒரு மாதம் கழித்து, செலவான தொகையை வந்தவர் எண்ணிக்கையால் வகுங்கள். 100 கடிதத்திற்கு 200 ரூபாய் செலவாகி 10 பேர் வந்திருந்தால், ஆளுக்கு 20 ரூபாய். 1,500 ரூபாய்க்கு நோட்டீஸ் அடித்து 5 பேர் வந்திருந்தால், ஆளுக்கு 300 ரூபாய். உங்கள் கடையில் எது லாபம் என்பதை உங்கள் எண்களே சொல்லும்.

கடைசியாக ஒன்று. இந்தப் பட்டியல் உங்கள் கடையின் சொத்து. வாரம் ஒரு முறை பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். வாடிக்கையாளரின் எண்ணை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இன்று மாலையே பில் புத்தகத்தை எடுத்து முதல் இருபது பெயர்களை டைப் செய்து விடுங்களேன்!