ஆல்டர்னேட்டர் மாற்றமும் பட்டையின் இழுவிசையும்: வாகனப் பராமரிப்பில் ஒரு பாடம்

பொருளாதார வளர்ச்சி என்றவுடன் புதிய ஆலைகளும் புதிய சாலைகளும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், ஏற்கெனவே உருவாக்கப்பட்ட சாதனங்களைச் செவ்வனே பேணி, அவற்றின் ஆயுளை நீட்டிப்பதும் ஒருவகை முதலீடே ஆகும். புதிய முதலீட்டுக்குக் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. மோட்டார் வாகனத்தின் மின்னூட்ட அமைப்பு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. ஒரு ரப்பர்ப் பட்டை சில மில்லிமீட்டர் தளர்ந்தால் பேட்டரி கெடுகிறது. சில மில்லிமீட்டர் அதிகமாக இறுகினால் பேரிங் கெடுகிறது. இரு நிலைகளிலும் பழி பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் மீதே விழுகிறது. நல்ல நிலையில் உள்ள கருவி கழற்றி எறியப்படுவதும் உண்டு.

ஏலூரின் சூழ்நிலை

கேரளத்தில் கொச்சிக்கு அருகே பெரியாற்றின் கிளைகளால் சூழப்பட்ட ஏலூர், இந்தியாவின் தொடக்கக் கால இரசாயனத் தொழில் மையங்களில் ஒன்று. திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி குழுமத்தாரின் முயற்சியால் 1943ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்ட ‘ஃபாக்ட்’ உர நிறுவனம் இங்கு 1947இல் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் அரிய மண் தனிமங்கள், பூச்சிக்கொல்லி, காஸ்டிக் சோடா ஆகியவற்றின் ஆலைகளும் தோன்றி, உத்யோகமண்டல் என்ற பெயர் நாடறிந்ததாயிற்று. களமசேரியிலிருந்து வல்லார்பாடம் கொள்கலன் முனையத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலையும் ஏலூர் வழியாகவே செல்கிறது. எனவே லாரிகளும், கார்களும், தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வண்டிகளும் இங்கு ஓயாமல் இயங்குகின்றன.

இத்தகைய இடங்களில் வாகனத்தின் மின்னிணைப்புகள் இருவகைத் தாக்குதலுக்கு உள்ளாகின்றன. ஒன்று, நீண்ட பருவமழையும் ஈரக் காற்றும். மற்றொன்று, உரத்தூள். அம்மோனியம் உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும்; ஈரத்துடன் சேர்ந்து செம்பையும் பித்தளையையும் அரிக்கும். உரமூட்டை ஏற்றும் வண்டியின் மின்முனைகளில் பச்சை நிறப் பூச்சு படிவதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கு மின்னூட்டக் குறை தோன்றினால், கருவியை ஐயுறுமுன் இணைப்பை ஐயுறுவதே முறை.

டைனமோவிலிருந்து ஆல்டர்னேட்டருக்கு

முற்காலத்து அம்பாசிடர், பிரீமியர் கார்களில் டைனமோவே பொருத்தப்பட்டிருந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ போதிய மின்சாரம் தருவதில்லை. ஆல்டர்னேட்டரில் காந்தச்சுருள் சுழல, வெளியே நிலையாக உள்ள சுருள்களில் மாறுமின்னோட்டம் பிறக்கிறது. டையோடுகள் அதனை நேர்மின்னோட்டமாக்குகின்றன. ரெகுலேட்டர் மின்னழுத்தத்தை வரம்புக்குள் வைக்கிறது. எஞ்சினைவிட ஏறத்தாழ இருமடங்கோ அதற்குச் சற்று மேலோ வேகமாக இது சுழல்வதால், நெரிசலில் வண்டி ஊர்ந்து செல்லும்போதும் பேட்டரிக்கு மின்னூட்டம் கிடைக்கிறது. சென்னை பாடியில் 1961ஆம் ஆண்டில் தோன்றிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் இத்தகைய மின்சாதனங்களை உள்நாட்டிலேயே தயாரிப்பதில் முன்னோடியாக விளங்கியது.

இந்தச் சுழற்சி முழுவதையும் தருவது ஒரு பட்டையே. பழைய கார்களில் ‘ஃபேன் பெல்ட்’ என வழங்கும் வி வடிவப் பட்டை, ஆல்டர்னேட்டரோடு தண்ணீர்ப் பம்பையும் விசிறியையும் சேர்த்தே சுழற்றுகிறது. ஆகவே பட்டை தளர்ந்தால் மின்னூட்டம் குறைவதுடன் எஞ்சினும் சூடேறும்.

மாற்றுமுன் செய்ய வேண்டிய சோதனை

முதலாவதாக, பட்டையைப் பார்க்க வேண்டும். வெடிப்பு, எண்ணெய்க் கறை, பக்கங்களில் கண்ணாடி போன்ற பளபளப்பு ஆகியவை வழுக்கலின் அடையாளங்கள். வி வடிவப் பட்டை தன் பக்கங்களால்தான் கப்பியைப் பற்றுகிறது; தேய்ந்து பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்ட பட்டையை எவ்வளவு இறுக்கினும் பயனில்லை.

இரண்டாவதாக, பேட்டரி முனைகளையும் எஞ்சினுக்கும் வண்டி உடலுக்கும் இடையே உள்ள எர்த் இணைப்பையும் சுத்தம் செய்து இறுக்க வேண்டும்.

மூன்றாவதாக, வோல்ட்மீட்டர் கொண்டு அளக்க வேண்டும். முழுமையாக மின்னூட்டம் பெற்று ஓய்விலிருக்கும் 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் மிதமான வேகத்தில் ஓடும்போது இது பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை உயர வேண்டும். உயரவில்லை எனில் மின்னூட்டம் இல்லை. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது எனக் கருதலாம். பெரும்பாலான லாரிகளில் 24 வோல்ட் அமைப்பு உள்ளதால் இவ்வளவுகளை இருமடங்காகக் கொள்ள வேண்டும். கணினி வழியே மின்னூட்டம் கட்டுப்படுத்தப்படும் புதிய கார்களில் அளவு மாறிக்கொண்டேயிருக்கும். அவற்றுக்குத் தயாரிப்பாளரின் கையேடே வழிகாட்டி.

நான்காவதாக, விளக்குகளை எரியவிட்டு, ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் பேட்டரியின் நேர்முனைக்கும் இடையே அளக்க வேண்டும். வேறுபாடு அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் குறை கம்பியிலோ இணைப்பிலோ உள்ளது. இச்சோதனைகளில் தேறிய பிறகும் மின்னூட்டம் இல்லையெனில் மட்டுமே ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டும். அப்போதும் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், டையோடுத் தட்டு, பேரிங் ஆகியவற்றைத் தனித்தனியே மாற்ற இயலுமா என்று பார்த்தல் நலம்.

கழற்றலும் பொருத்தலும்

முதற்பணி, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுவதாகும். ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பி பேட்டரியோடு எப்போதும் தொடர்பில் இருப்பதால், ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டாலே பெரும் தீப்பொறி எழும். பின்னர், கம்பிகளுக்கு அடையாளம் இட்டுக் கழற்றி, சரிசெய் போல்ட்டையும் கீல் போல்ட்டையும் தளர்த்தி, கருவியை எஞ்சின் பக்கம் தள்ளினால் பட்டை எளிதில் நழுவி வரும்.

புதிய கருவியின் கப்பி பழையதன் அளவிலேயே உள்ளதா, பள்ளங்களின் எண்ணிக்கை ஒன்றா, எஞ்சின் கப்பியுடன் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்பவற்றைச் சரிபார்க்க வேண்டும். கோணல் சிறிதாயினும் பட்டை விரைவில் ஓரம் தேயும். எல்லா இணைப்புகளும் முடிந்த பிறகே எதிர்முனைக் கம்பியை மீண்டும் மாட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இன்றும் காணப்படுகிறது. அப்போது எழும் மிகை மின்னழுத்தம் டையோடுகளை எரித்துவிடக் கூடும். புதிய கார்களில் கணினிப் பகுதிகளையும் அது கெடுக்கலாம். டைனமோ காலத்துப் பழக்கம் ஆல்டர்னேட்டர் காலத்துக்குப் பொருந்தாது.

இழுவிசை எவ்வளவு?

பட்டையை மாட்டியபின், ஆல்டர்னேட்டரை வெளிப்புறமாக நகர்த்தி இறுக்க வேண்டும். நெம்புகோலாக மரத்துண்டைப் பயன்படுத்தி, கப்பிக்கு அருகிலுள்ள முன்பகுதியிலேயே நெம்புதல் வேண்டும். மெல்லிய அலுமினியப் பின்மூடியில் நெம்பினால் அது உடையும். சரிசெய் போல்ட்டை முதலில் இறுக்கி, பின்பு கீல் போல்ட்டை இறுக்க வேண்டும்.

இரு கப்பிகளுக்கு இடைப்பட்ட மிக நீண்ட பகுதியின் நடுவே கட்டைவிரலால் சுமார் 10 கிலோ விசையில் அழுத்தும்போது, வி வடிவப் பட்டை உள்ள பல கார்களில் 8 முதல் 12 மி.மீ. வரை தாழ்வது சரியான நிலை. துல்லியமான அளவு வண்டிக்கு வண்டி மாறும். புதிய பட்டை ஓடத் தொடங்கியதும் சற்றே இளகி அமரும். ஆதலால் சில நிமிடங்கள் ஓடவிட்டும், சில நூறு கிலோமீட்டருக்குப் பின்னும் மறுபடி அளக்க வேண்டும். விளக்கும் வைப்பரும் இயங்கும்போது கீச்சொலி கேட்டால் பட்டை வழுக்குகிறது எனலாம். ஒலியை அடக்குவதற்காக அளவுக்கு மீறி இறுக்கினால், சில மாதங்களில் ஆல்டர்னேட்டரின் பேரிங்கோ தண்ணீர்ப் பம்பின் பேரிங்கோ இரைச்சலிடும்.

இக்காலக் கார்கள் பலவற்றில் பல வரிகள் கொண்ட தட்டைப் பட்டையும் தானியங்கி இறுக்கியும் உள்ளன. அங்குக் கையால் இறுக்கும் வேலையில்லை. ஆனால் இறுக்கியின் வில்லும் உருளையும் தளர்ந்துள்ளனவா என்று பார்க்கும் பொறுப்பு நீங்கிவிடவில்லை.

பொருளாதாரப் பயன்

மழை இரவில் ஒரு காரின் முகப்பு விளக்குகள், வைப்பர், எஞ்சினின் மின்கருவிகள் ஆகியவை சேர்ந்து 20 ஆம்பியர் வரை இழுப்பதாகக் கொள்வோம். ஆல்டர்னேட்டர் சுழலாவிடில், 35 ஆம்பியர்-மணிப் பேட்டரி கணக்குப்படி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. விளக்கணைந்து வழியில் நிற்கும் வாடகை வண்டிக்காரருக்கு அன்றைய வருவாய் போகிறது. பின்னால் வரும் வண்டிகளுக்கோ உயிராபத்து.

நாட்டு அளவிலும் இதற்கு விலையுண்டு. அரைகுறை மின்னூட்டத்தில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் இறுகி, அதன் ஆயுள் குறைகிறது. பழைய பேட்டரிகள் முறைப்படி திரும்பப் பெறப்பட வேண்டும் என்று 2001ஆம் ஆண்டின் விதிகளும், அவற்றின் இடத்தில் வந்த 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் வலியுறுத்துகின்றன. எனினும், காலத்துக்கு முன் பேட்டரி கெடாமல் காப்பதே ஈய மாசைத் தடுக்கும் மலிவான வழி. ஆல்டர்னேட்டரின் சுருள்கள் தாமிரத்தாலானவை. தூத்துக்குடித் தாமிர ஆலை 2018இல் மூடப்பட்டபின், சுத்திகரிக்கப்பட்ட தாமிரத்தை ஏற்றுமதி செய்துவந்த நாடு இறக்குமதி மிகுந்த நாடாயிற்று என்பதும் கருதத்தக்கது.

பயிற்சியின் தேவை

மேற்கூறிய சோதனைகளுக்கு வேண்டியவை ஒரு வோல்ட்மீட்டர், சில ஸ்பானர்கள், ஓர் அளவுகோல், ஒழுங்கான சிந்தனை ஆகியவையே. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும், 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும் இத்தகைய அறிவைப் பரப்பவே வகுக்கப்பட்டன. ஏலூருக்கு அண்மையில் களமசேரியிலும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் உள்ளது. ஆயினும், சாலையோரப் பட்டறைகளில் கண்டு பழகித் தொழில் கற்றவர் எண்ணற்றோர். அவர்களது கைத்திறனில் குறையில்லை. அளந்தறியும் பழக்கமே சேர வேண்டும். மாலைநேரக் குறுகியகாலப் பயிற்சிகளும், தாய்மொழியில் அமைந்த எளிய கையேடுகளும் அதற்கு உதவும். அரசு வாகனங்களைப் பேணும் அலுவலகங்களும், ஆல்டர்னேட்டர் மாற்றத்துக்கான செலவுப் பட்டியலை ஏற்குமுன், பட்டை நிலை, மின்னழுத்த அளவு, இணைப்புச் சோதனை ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறலாம்.

மின்சாரக் கார்கள் பெருகும்போது ஆல்டர்னேட்டரும் பட்டையும் மறைந்துபோகக் கூடும். அவற்றில் வேறொரு மின்கருவி அப்பணியைச் செய்கிறது. ஆனால் ‘அளந்த பின் மாற்று, மாற்றிய பின் மீண்டும் அள’ என்னும் நெறி எந்த இயந்திரத்துக்கும் பொருந்தும். இந்நெறி பட்டறைதோறும் வேரூன்றுமாயின், வாகன உரிமையாளரின் பணமும் நாட்டின் உலோகமும் ஒருங்கே மிச்சமாகும்.