நில அளவையும் வானவழித் திருத்தமும்

பாலசமுத்திரம் போன்ற ஊர்களில் நிலம் சிறு துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. வரப்பு வழக்கு எழுந்தால் அயலாரின் நட்பும் கெடுகிறது, பணமும் விரயமாகிறது. இந்நாளில் கைப்பேசியுடன் வரப்பைச் சுற்றி வந்து, அது காட்டும் பரப்பையே முடிவெனக் கொள்வோர் பலர். அங்கத்தினர்கள் இதன் தன்மையை அறிதல் நலம்.

கைப்பேசி உண்மையில் அளப்பது நேரத்தையே. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக் கோள்களிலிருந்து ரேடியோ அலை வந்துசேரும் நேரத்தைக் கொண்டு அது தூரத்தைக் கணக்கிடுகிறது. விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் அலை 300 மீட்டர் செல்லும். எனவே இம்மியளவு தாமதமும் பெரும்பிழையாகும். சூரியனால் மின்னேற்றம் பெற்ற அயனி மண்டலம் அலையைத் தாமதப்படுத்துகிறது. காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால் இத்தொல்லை நமக்கு மிகுதி. 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் ஆய்வுக்கூடம் ஆராயும் சூரியனின் சீற்றம் மிகும் ஆண்டுகளில் இது மேலும் வளரும்.

20 மீட்டர்ச் சதுரமான நிலம் ஏறத்தாழ 10 சென்ட். ஒரு பக்கம் 3 மீட்டர் நீண்டு காட்டினால் ஒன்றரை சென்ட் பொய்யாகக் கூடிவிடும்!

இதற்குப் பரிகாரம் உண்டு. 5 கிலோ முத்திரைக் கல்லைச் சங்கத் தராசு 100 கிராம் கூட்டிக் காட்டினால், அப்பிழையைக் கண்டு கழித்துக்கொள்கிறோமல்லவா? அதுபோல, இடம் திட்டமாகத் தெரிந்த நிலையத்தில் ஓர் ஏற்பிக் கருவியை நிறுத்தி, பிழையைக் கண்டு, திருத்தத்தைப் பிற ஏற்பிகளுக்கு அனுப்புகின்றனர்.

இஸ்ரோவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் அமைத்த 'ககன்' இத்தகையது. 15 நிலையங்களின் கணிப்புகள் தொகுக்கப்பெற்று, செயற்கைக் கோள் வழியே திருத்தம் ஒலிபரப்பாகிறது. விமானம் தரையிறங்க நெருங்குகையில் வழிகாட்ட இதற்கு 2015-இல் சான்று கிடைத்தது. எனினும் இது மீட்டர்க் கணக்கில் உதவுவதே. எல்லைக் கல் நடுவதற்குப் போதாது. அதற்கு, அருகிலுள்ள நிலையத்தின் திருத்தத்தை ரேடியோ வழியாகவோ கைப்பேசி இணைப்பு வழியாகவோ பெற்று, சென்டிமீட்டர் அளவில் காட்டும் நில அளவை ஏற்பி வேண்டும். இதற்கெனச் சர்வே ஆப் இந்தியா நிலையங்களை நிறுவியுள்ளது.

ஆதலின், கைப்பேசிக் கணக்கை உழவுக் கூலிக்கும் விதைக்கும் உத்தேசமாகக் கொள்ளலாம். எல்லைக்கோ, நில அளவரையும் புல வரைபடத்தையும் நாடுக. பயிர்க் கடன் மனுவில் சிட்டா, அடங்கலில் கண்ட பரப்பையே எழுதுக. அளவு நேராயின் அயலாரும் உறவாவர், சங்கமும் தழைக்கும்.