தக்காளியின் அடியில் கறுப்பு

தில்லியில் மொட்டைமாடித் தொட்டிகளில் தக்காளி வளர்க்கும் அன்பர்களுக்கு என் அனுபவம் பாடமாகட்டும்.

சென்ற ஆண்டு மார்ச்சில் என் செடிகளில் காய்களின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்தது. நோய் என்று எண்ணிப் பூச்சிமருந்து தெளித்தேன். கறுப்பு நிற்கவில்லை. மருந்து பட்ட நல்ல காய்களையும் குழந்தைகளுக்குக் கொடுக்க மனமின்றி எறிந்தேன். பிறகுதான் காயைத் திருப்பிப் பார்த்துக் காரணம் அறியக் கற்றேன்.

1. காம்புக்கு எதிர்ப்புறம் தோல்போல் உலர்ந்த கறுப்பு: இது தொற்றுநோய் அன்று, சுண்ணாம்புச் சத்து காயின் நுனிவரை போய்ச் சேராத குறை. மண்ணில் சத்து இருந்தாலும் அதைக் கொண்டு சேர்ப்பது தண்ணீர்தான். நான் இரண்டு மூன்று நாள் மறந்துவிட்டு, பிறகு குடம் குடமாக ஊற்றியதே காரணம். கறுத்த பகுதியை வெட்டிவிட்டு மற்றதைச் சமைக்கலாம்.

2. வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்த திட்டு: வெயில் சுட்டிருக்கிறது. இலைகளை அதிகம் கிள்ளாதீர்கள்; பிற்பகலில் நிழல் கொடுங்கள்.

3. ஓட்டையும் அருகே எச்சமும்: காய்ப்புழு. அந்தக் காயைப் பறித்து அழித்துவிடுங்கள்.

அதன்பின் மண்ணில் விரல்விட்டு ஈரம் பார்த்து, அளவாக ஊற்றினேன். மேலே சருகு பரப்பினேன். அடுத்து வந்த காய்கள் பழுதின்றிப் பழுத்தன. மருந்துப் புட்டியை எடுக்குமுன் காயைத் திருப்பிப் பாருங்கள்.